யாளி அசைவமா? நாகர்கோவிலில் எட்டு வாரத் தர்க்க வகுப்பு

வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். மாடியில் ஒரு நீள அறை, முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. சனிக்கிழமை மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, எட்டு வாரம். கட்டணம் 1,500 ரூபாய். ஸ்பைரல் போட்ட 96 பக்க ஜெராக்ஸ் குறிப்பேடும் அதில் அடக்கம். பாடம் இதுதான்: இல்லாத ஒன்றைப் பற்றி, அதிலும் இருக்கவே முடியாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது சொல் என்ன வேலை செய்கிறது? 14-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெயர்வாதத் தர்க்கவாதிகள், அதாவது பொதுப்பெயருக்குப் பின்னால் வெளியே பொதுப்பொருள் ஒன்று கிடையாது என்றவர்கள், இதற்குச் சொன்ன விடைகள்.

இதெல்லாம் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் இல்பொருள் உவமை அணி படித்த எல்லோருக்கும்தான். 'கொம்பு முளைத்த குதிரை போல' என்று எழுதி மார்க் வாங்கியாகிவிட்டது. அந்தக் குதிரை எங்கே மேய்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

முதல் நான்கு வாரம் கொடுத்த காசுக்குத் தகும். பின் நான்கு வாரம் தடுமாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறிப்பேட்டின் ஒரே ஒரு மொழிபெயர்ப்புச் சொல் மொத்தப் பாடத்தின் காலையும் வாரிவிடுகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் 'பொருள்'. லத்தீனில் இரண்டு வேலைகளுக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. சிக்னிஃபிகாட்சியோ என்றால் சொல் மனதுக்குள் எதை எழுப்புகிறது என்பது. சப்போசிட்சியோ என்றால் ஒரு வாக்கியத்துக்குள் அந்தச் சொல் எதற்காக நிற்கிறது என்பது. குறிப்பேடு முதலாவதைச் 'சொற்பொருள்' என்றும் இரண்டாவதை 'வாக்கியப் பொருள்' என்றும் போட்டிருக்கிறது. தமிழில் பொருள் என்றால் அர்த்தமும் உண்டு, வஸ்துவும் உண்டு. 'யாளி என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை' என்று பலகையில் எழுதினால், பாதிப்பேர் 'அர்த்தமே இல்லாத உளறல்' என்று எடுத்துக்கொள்கிறார்கள், மீதிப்பேர் 'அப்படி ஒரு மிருகம் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகத்தான் பெயர்வாதிகள் இவ்வளவு பாடுபட்டார்கள். பிரிக்க வேண்டிய இடத்தில் ஒட்டுகிற சொல்லைப் போட்டால் என்ன ஆகும்?

இந்த வேறுபாட்டுக்கு வேர் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. ஆட்டுமான், அதாவது பாதி ஆடு பாதி மானான கற்பனை மிருகம், என்ற சொல் ஏதோ ஒன்றைக் குறிக்கிறது. ஆனால் 'இருக்கிறது', 'இல்லை' என்று சேர்க்காதவரை அது மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல என்கிறார் அவர். இன்னோரிடத்தில், ஆட்டுமான் என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்று அறியலாம், ஆட்டுமான் என்பது என்ன என்று அறிய முடியாது என்கிறார். அந்த ஆட்டுமானின் இடத்தில் பின்னால் வந்து உட்கார்ந்த மிருகம்தான் கிமேரா: சிங்கம், ஆடு, பாம்பு மூன்றையும் ஒட்டிச் செய்த கிரேக்கக் கதை மிருகம்.

'குறித்தல்', 'நிற்றல்' என்று இரண்டு வினைகளை வைத்திருந்தால் போதும். ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்குப் பதிலாக மகன் நிற்பது போலச் சொல் வாக்கியத்தில் நிற்கிறது. யாளி என்ற சொல்லும் வரிசையில் நிற்கிறது. யாருக்காக என்று கேட்டால் ஆளில்லை. ஆனாலும் சொல் வாயில்லாமல் போய்விடவில்லை, கேட்டவர் மனதில் தும்பிக்கையும் சிங்க உடலும் வந்துவிடுகின்றன. ஆசிரியர் வாய்மொழியில் இதைத் தெளிவாகவே சொல்கிறார். வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தால்தான் குழப்பம்.

இதில் ஒரு நல்ல வாய்ப்பையும் தவறவிட்டிருக்கிறார்கள். ஒரு சொல் வாக்கியத்தில் வஸ்துவுக்காக நிற்கலாம், தனக்காகவே நிற்கலாம் என்ற பிரிவு இரண்டாம் வாரப் பாடம். 'யாளி தூணில் ஏறியது' என்றால் ஒரு வகை; 'யாளி இரண்டெழுத்து' என்றால் இன்னொரு வகை. இரண்டாவது வாக்கியம் சந்தேகமில்லாமல் மெய், ஏனென்றால் அங்கே சொல் தன்னைத்தானே காட்டிக்கொண்டு நிற்கிறது, மிருகம் தேவையில்லை. இதை விளக்க அரை மணி நேரம் லத்தீன் பதங்களைப் புரட்டுகிறார்கள். தொல்காப்பியத்தின் பெயரியலில் 'பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும்' என்ற சூத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சொன்மை, பொருண்மை என்ற இரண்டு சொல்லில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். ஆங்கிலேயப் பெயர்வாதி ஓக்கமின் வில்லியம் மூன்றாவதாக, சொல் எண்ணத்துக்காக நிற்கிற வகை ஒன்றையும் வைத்திருந்தார். பாரிஸ் தர்க்க ஆசிரியர் ஜான் பூரிதான் (Buridan) அதைத் தனியாக வைக்காமல், சொல் தனக்காக நிற்கிற வகைக்குள்ளேயே அடக்கிவிட்டார். இது குறிப்பேட்டில் சரியாக இருக்கிறது.

மூன்றாம் வாரம்தான் வகுப்பின் உயிர். எந்த வாக்கியம் வந்தாலும் இந்த வரிசையில் பார் என்று பயிற்சி தருகிறார்கள். முதலில், எழுவாய் சொல்லாக நிற்கிறதா, வஸ்துவுக்காக நிற்கிறதா என்று பிரி. அடுத்து, அந்தப் பெயருக்குப் பெயரளவு வரையறை எழுது, அதாவது அந்தப் பெயரை உச்சரிக்கிறவர் எதைச் சொல்ல வருகிறார் என்பதை விரித்து எழுது. பிறகு வினையைப் பார்: நிகழ்காலமா, இறந்தகாலமா, 'முடியும்' என்பதா, 'நினைக்கிறேன்' என்பதா? வினை எவ்வளவு தூரம் கதவைத் திறக்கிறதோ அவ்வளவு தூரத்துக்குள் எழுவாய் யாருக்காவது நிற்க முடிகிறதா என்று தேடு. ஆள் கிடைக்காவிட்டால், உடன்பாட்டு வாக்கியம் பொய், எதிர்மறை வாக்கியம் மெய். அவ்வளவுதான் சூத்திரம்.

கதவு திறப்பதற்கு லத்தீனில் ஆம்ப்ளியாட்சியோ என்று பெயர். குறிப்பேடு 'விரிவாக்கம்' என்கிறது, பரவாயில்லை. உள்ளூர்ச் சரக்கை வைத்துப் பயிற்சி போட்டிருப்பது நன்றாக இருக்கிறது. 'வேணாட்டு அரசர் பத்மநாபபுரத்தில் இருக்கிறார்': நிகழ்காலம், அரசர் இல்லை, பொய். 'வேணாட்டு அரசர் பத்மநாபபுரத்தில் இருந்தார்': இறந்தகாலம் கதவைத் திறக்கிறது, இருந்தவர்களும் கணக்கில் வருகிறார்கள், மெய். 'குதிரைக் கொம்பு முளைக்க முடியும்': இயற்கையில் இல்லை, ஆனால் கடவுளின் வல்லமைக்கு உட்பட்டதெல்லாம் 'முடியும்' என்ற கதவுக்குள் வரும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, கொம்புள்ள குதிரையில் முரண்பாடு இல்லை, ஆகவே ஆள் கிடைக்கிறது. வெற்றிடமும் இப்படித்தான். இயற்கையில் வெற்றிடம் கிடையாது, ஆனால் கடவுள் நினைத்தால் உண்டாக்கலாம் என்பது பூரிதானின் நிலை. 'சதுர வட்டம்' மட்டும் எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியேதான். முரண்பாட்டைக் கடவுளாலும் மெய்யாக்க முடியாது.

குறிப்பேட்டில் சதுர வட்டத்துக்குப் பதில் 'மலடி மகன்' என்று இருக்கிறது. பழைய நூல்களில் வருகிற வழக்குத்தான். வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பத்துத் தடவை பலகையில் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

அதே பட்டியலில் 'ஆகாயத்தாமரை' இருப்பது வேறு வகைக் கோளாறு. நிகழ்காலத்தில் ஆளில்லாத சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அதைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், "சார், அது எங்க கொளம் முழுக்கக் கெடக்குல்லா?" என்றார். அறை சிரித்தது. அவர் சொன்னது சரி. குளத்தில் மிதக்கிற நீர்ச்செடிக்கு நம் ஊரில் அதுதான் பெயர், ஆகவே சொல்லுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மக்களே, ஒரே ஒலி, ரெண்டு பெயர். எந்தப் பெயரை வச்சுப் பேசுகோம்னு முதல்ல சொல்லணும்" என்றார். நல்ல பதில். ஒரே ஒலியை இரண்டு தடவை இரண்டு வேலைக்கு நியமித்தால் அது தர்க்கத்தில் இரண்டு பதம் என்பது இந்தக் கூட்டத்தின் அடிப்படைப் பாடம். அடுத்த தொகுதிக்கு எடுத்துக்காட்டையே மாற்றிவிடுவது நல்லது.

யாளிக்கு வருவோம். கோயில் மண்டபத் தூண்களில் தும்பிக்கையோடு பாய்கிற சிங்கத்தைப் பார்க்காதவர் இந்த மாவட்டத்தில் இல்லை. 'தூணில் யாளி இருக்கிறதே' என்று ஒருவர் கேட்டால், வரைந்த மனிதனை மனிதன் என்பது பெயர் ஒற்றுமையால் மட்டுமே என்ற பழைய விடையைத் தருகிறார்கள். கல்லுக்காக நிற்கிற 'யாளி' வேறு பதம். மிருகத்துக்காக நிற்க வேண்டிய 'யாளி'யைப் பற்றித்தான் பேச்சு. அது இருக்கவே முடியாததா, வெறுமனே இல்லாததா? இதற்கு விடை மிருகத்தில் இல்லை, வரையறையில் இருக்கிறது. 'சிங்க உடலும் தும்பிக்கையும் உள்ள விலங்கு' என்று எழுதினால், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, 'முடியும்' கதவுக்குள் வந்துவிடும். பூரிதான் கிமேராவுக்குக் கொடுக்கிற வரையறையோ கெட்டிக்காரத்தனமானது: எந்த உறுப்புகளைச் சேர்த்து ஒரு விலங்கு அமைய முடியாதோ அந்த உறுப்புகளால் அமைந்த விலங்கு. முரண்பாட்டை வரையறைக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் யாளியை முதல் வரையறையோடும், கிமேராவை இரண்டாவது வரையறையோடும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு விடை தப்பாக எழுதினார்கள். திருத்தும்போது இதைச் சுட்டவில்லை. சுட்டியிருக்க வேண்டும்.

நான்காம் வாரத்துப் பொறி சைவம்–அசைவம். யாளி இல்லை. ஆகவே 'யாளி சைவம் அல்ல' மெய். 'அப்படியானால் யாளி அசைவம்' என்று யாரும் தாவிவிடுவார்கள். அது பொய். முதலாவது எதிர்மறை வாக்கியம். ஆள் இல்லாததாலேயே அது மெய்யாகிவிட்டது. இரண்டாவதில் மறுப்பு பயனிலைச் சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, வாக்கியம் உடன்பாடு. உடன்பாட்டுக்கு ஆள் வேண்டும். 'அல்ல' வெளியே நிற்கிறதா, 'அ' சொல்லோடு ஒட்டி உள்ளே போய்விட்டதா என்று பார்க்கச் சொன்ன இந்த ஒரு மணி நேரம், தினசரி விவாதங்களுக்கும் உதவும். இதே கணக்கில் 'யாளி யாளிதான்' என்பதும் பொய். கிமேரா கிமேராவே என்ற வாக்கியம், பதங்களை வஸ்துவுக்காக நிற்கவைத்துக் கறாராகப் பார்த்தால் பொய் என்று ஓக்கம் நேராகவே எழுதியிருக்கிறார். கிமேரா இல்பொருள் என்பதும் அவருக்கு அதே காரணத்தால் பொய். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கத்தான் வேண்டும், அப்போதுதான் விதி மனதில் நிற்கும்.

தமிழில் இந்த விதி ஒரு இடத்தில் வழுக்கும். லத்தீன் தர்க்கத்தில் வாக்கியத்தை விரித்து எழுதினால் 'எஸ்ட்' என்ற இணைப்பு வினை கண்ணுக்குத் தெரியும். இருப்பு என்ற சுமையை அதுதான் தூக்குகிறது. 'யாளி மிருகம்' என்ற தமிழ் வாக்கியத்தில் அது கண்ணில் படாது. குறிப்பேடு இதைச் சமாளிக்க 'யாளி மிருகமாக இருக்கிறது' என்று எழுதுகிறது. முதல் வாரத்தில் இந்தக் கட்டைத்தமிழ் உதவும், பக்கச் சக்கரம் கட்டிய சைக்கிள் போல. எட்டாம் வாரம் வரை அதையே ஓட்டுவது அலுப்பு. இன்னொரு பக்கம், லத்தீனுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: 'இல்லை' வேறு, 'அல்ல' வேறு. 'யாளி இல்லை' என்பதையும் 'யாளி மிருகம் அல்ல' என்பதையும் நாம் கலக்க மாட்டோம். இதை ஒரு வரிகூடக் குறிப்பேடு சொல்லவில்லை.

ஐந்தாம் வாரம் கோட்டாறு சவேரியாரிலிருந்து தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1525-ல் பாரிஸ் போய் 1530-ல் முதுகலைப் பட்டம் பெற்றவர். அதே ஆண்டுகளில் ஜான் மேயர் என்ற ஸ்காட்லாந்துப் பெயர்வாதத் தர்க்க ஆசிரியர் பாரிஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1544-ல் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். இந்தப் பாலம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து 'சவேரியார் கிமேரா வாதத்தோடு கோட்டாறு வந்தார்' என்று சொல்வது ஆண்டுகள் தாங்காத பாரம். பாரிஸ் கலைப் படிப்பில் தர்க்கம் பெரும்பகுதி என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 1474-ல் பதினோராம் லூயி மன்னர் பெயர்வாதிகளின் நூல்களைப் பாரிஸில் தடை செய்ததும், 1481-ல் தடை நீங்கியதும் அரைப் பக்கத்தில் வருகிறது; அது போதும்.

பெரிய குறை ஆறாம் வாரத்தில். ஓக்கம், பூரிதான், இங்கனின் மார்சீலியஸ் மூவரையும் 'பெயர்வாதிகளின் கொள்கை' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். பொதுப்பெயருக்குப் பின்னால் வெளியே பொதுப்பொருள் ஒன்று கிடையாது என்பதில் மூவரும் ஒன்று. கிமேரா விஷயத்தில் ஒன்றல்ல.

ஓக்கம் முதலில், எண்ணம் என்பது மனதில் எண்ணப்பட்டதாக மட்டும் இருக்கிற ஒரு புனைவு என்று வைத்திருந்தார். அந்த நிலையில் கிமேராவுக்கும் மனதில் ஒரு வகை இடம் உண்டு. வால்ட்டர் சாட்டன் எதிர்த்து எழுதிய பிறகு, எண்ணம் என்பது எண்ணுகிற செயலே, அதற்கு வெளியே புனைவு எதுவும் வேண்டாம் என்று மாறினார். 1323 வாக்கில் எழுதிய 'சும்மா லாஜிக்கே' என்ற தர்க்க நூலில் கிமேராவுக்கு இடமே இல்லாத கறார்க் கணக்கு இருக்கிறது.

பூரிதான் இன்னும் நுணுக்கம். 'கிமேரா என்ற பெயர் எதையும் குறிக்கவில்லை' என்ற வாக்கியத்தைச் 'சொபிஸ்மாட்டா' என்ற தன் தர்க்கப் புதிர் நூலின் முதல் அத்தியாயத்தில் எடுத்து அலசி, அது பொய் என்கிறார். சொல் ஒன்று, அதன் கீழே இருக்கிற எண்ணம் கூட்டு. விலங்கு, உறுப்பு, சேர்க்கை என்று கூட்டின் ஒவ்வொரு துண்டும் உள்ளதைக் குறிக்கிறது. கூட்டின் மொத்தத்துக்குத்தான் ஆளில்லை. தனி எண்ணம் எதுவும் வெறுமையாக இருக்க முடியாது, வெறுமை எல்லாம் கூட்டிலிருந்தே வரும். அதனால் 'கிமேரா நினைக்கப்படுகிறது' என்பதும் அவருக்குப் பொய். நினைத்தல் என்ற வினை இருந்தது, இருக்கப்போவது, இருக்கக்கூடியது வரைதான் கதவைத் திறக்கும். கிமேரா அந்த வாசலில் இல்லை. நினைத்தவர் நினைத்தது உறுப்புகளை, சேராத விதத்தில் சேர்த்து.

இங்கேதான் மார்சீலியஸ் பிரிகிறார். பாரிஸில் ஆசிரியராக இருந்து 1386-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டரானவர். கற்பனை செய்யக்கூடியது என்று இன்னொரு கதவையும் திறந்தார். 'கிமேரா கற்பனை செய்யத்தக்கது' என்றால் எழுவாய் நிற்க ஆள் உண்டு, வாக்கியம் மெய். ஊர் வழக்கோடு இது ஒத்துப்போகிறது, யாளியை நினைக்கவே முடியாது என்று எந்தச் சிற்பியிடமும் சொல்ல முடியாது. ஆனால் விலை உண்டு: பதம் நிற்பது இருந்த, இருக்கிற, இருக்கப்போகிற, இருக்கக்கூடியவற்றுக்காகவே என்ற பழைய வேலி உடைகிறது. பின்னால் வெனிஸின் பவுல் என்ற தர்க்க ஆசிரியரும் மார்சீலியஸ் பக்கம் வருகிறார். இந்தக் கருத்து மோதலை ஒரு முழு மாலை நடத்தியிருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

ஏழாம் வாரம் 'வருகிறவரை எனக்குத் தெரியும்' என்ற புதிர். தூரத்தில் வருவது அப்பா, ஆனால் அடையாளம் தெரியவில்லை. லத்தீனில் 'வருகிறவரை' என்ற பதம் வினைக்கு முன்னால் வந்தால் மெய், பின்னால் வந்தால் பொய் என்பது பூரிதானின் தீர்வு. பின்னால் வருகிற பதம் தன் எண்ணத்தையும் இழுத்துக்கொண்டு வரும். குறிப்பேடு இதை அப்படியே தமிழில் வைத்து, எல்லாப் பதமும் வினைக்கு முன்னாலேயே வருகிற மொழியில் முன்பின் தேடச் சொல்கிறது. நம்மிடம் வேறு கருவி இருக்கிறது. 'வருகிறவரைத் தெரியும்' ஒன்று, 'வருகிறவர் யாரென்று தெரியும்' இன்னொன்று. வாக்குக் கொடுப்பது பற்றிய புதிரும் அப்படியே. 'உனக்கு ஏத்தங்குலை (நேந்திர வாழைக்குலை) தரணும்' என்றால் ஏதோ ஒரு குலை. 'ஏத்தங்குலையைத் தரணும்' என்றால் பேசிவைத்த குலை. லத்தீன்காரர்கள் குதிரையை வாக்குக் கொடுத்துவிட்டு எந்தக் குதிரை என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டதில் பெரும்பகுதியை நம் ஐ-உருபு சந்தையிலேயே முடித்துவிடுகிறது. இதை ஆசிரியரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார், குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

கடைசி வாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கேள்வியை எடுத்த தத்துவவாதிகள் மைனாங், ரஸ்ஸல். இல்லாத பொருளுக்கும் ஒரு வகைப் பொருள்நிலை கொடுத்த மைனாங்கைப் பெயர்வாதிகளின் வாரிசு என்று அறிமுகப்படுத்தியது தலைகீழ். பூரிதான் கதவைச் சாத்தியது அந்த மாதிரி ஆளின் முகத்துக்கு முன்னால்தான்.

நடைமுறை விஷயங்கள்: இடைவேளையில் சாயாவும் ரசவடையும் தருகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் ரோட்டுப் பக்கம், ஆறரைக்கு மேல் பஸ் ஹாரனில் பின்வரிசைக்குக் காது கேட்காது. முன் இரண்டு வரிசை பிடித்துக்கொள்ளவும். மேற்கே மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள் ஏழு இருபதுக்கே எழுந்துவிடுவதால் கடைசிப் பத்து நிமிடக் கேள்வி நேரம் காலியாகிவிடுகிறது. அதை இடைவேளைக்கு முன்னால் வைக்கலாம். தர்க்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் பயிற்சித்தாளை வீட்டில் செய்யாமல் நான்காம் வாரத்தைத் தாண்ட முடியாது. மேலே படிக்க நினைப்பவர்களுக்கு, பூரிதானின் தர்க்கச் சுருக்கத்துக்கு 2001-ல் வந்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. கனத்த புத்தகம், விலையும் கனம், நூலகத்தில் கேட்டு வாங்குவது உத்தமம்.

சேர்கிறவர்கள் முதல் நாளே குறிப்பேட்டின் 41-ம் பக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். 'எல்லாம்', 'எதுவும் அல்ல', 'சில', 'சில அல்ல' என்ற நான்கு வாக்கிய வகைகளை மூலைகளில் வைத்த சதுரத்தில் எழுவாய் வெறுமையானால் என்ன மதிப்பு என்ற அட்டவணை அங்கே இருக்கிறது. அச்சிட்டிருப்பது இன்றைய கணிதத் தர்க்கத்தின் மதிப்புகள்: 'எல்லா யாளியும் மிருகம்' மெய், 'சில யாளி மிருகம் அல்ல' பொய். பூரிதானின் கணக்கில் இரண்டும் நேரெதிர். முதலாவது உடன்பாடு, ஆளில்லை, பொய். இரண்டாவது எதிர்மறை, ஆளில்லை, மெய். 'சில' என்று தொடங்குவதால் எங்கோ யாளி இருப்பது போலத் தமிழில் ஒலிக்கும், அதனால் 'யாளி எல்லாமே மிருகம் என்பது இல்லை' என்று மாற்றி எழுதிக்கொள்வது நல்லது. மற்ற இரண்டு மூலைகளும் சரியாகவே இருக்கின்றன.